இரண்டு நிமிட இருட்டு

சம்பளப் பட்டியலில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. கல்லூரியில் மற்ற எல்லோருக்கும் அவன் லைட்டண்ணன். படக்காட்சி அறையின் விளக்கைப் போடுவதும் அணைப்பதும் அவன் கையில் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். வேலை என்னவோ அதைவிட அதிகம். புரொஜெக்டரின் வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்ட வேண்டும். ஸ்பீக்கர் வயரை எலி கடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். எதிரொலி வராமலிருக்க, முன்பிருந்த ஆபரேட்டர் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். மழைக்காலத்தில் பசை விட்டுப்போய் அவை ஒவ்வொன்றாகக் கழன்று தொங்கும். அவற்றைத் திரும்ப ஒட்ட வேண்டும். கூரை தகரம். மழை பிடித்துக்கொண்டால் திரையில் வாய்தான் அசையும், பேச்சு கேட்காது.

வெள்ளிக்கிழமைதோறும் கடைசி இரண்டு பாடவேளையும் அந்த அறை ஆலோசகர் மேடத்துக்கு. பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்பதற்கென்று கல்லூரி வைத்திருந்த ஒரே ஆள் அவர். முதல் வருடம் படம் வரைந்த அட்டைகளை மாட்டிவைத்துப் பேசிப் பார்த்தார். "யாருக்காவது மனசு சரியில்லாம இருக்கா? தைரியமா கை தூக்குங்க" என்பார். அறுபது பேரும் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "மேடம், இவனுக்குப் பசிக்குதாம்" என்பான். அதோடு வகுப்பு முடிந்தது.

அப்புறம்தான் குறும்படம் வந்தது. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். ஒரு பையன் மூன்று நாளாகக் குளிக்காமல் கட்டிலில் கிடப்பான். ஒரு பெண் பஸ்ஸில் ஏறப் பயந்து நாலு பஸ்ஸை விட்டுவிடுவாள். படம் முடிந்ததும் மேடம் உன்னைப் பற்றிச் சொல் என்று யாரையும் கேட்கமாட்டார். "அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு?" என்பார். அடுத்தவன் கதையைப் பேச யாருக்குத்தான் வாய் வராது? பேசப் பேச, பேசுகிறவன் தன் கதையைப் பேசிக்கொண்டிருப்பான். அது அவனுக்கே பாதியில்தான் உறைக்கும்.

இருட்டு தற்செயலாக வந்தது. ஒருநாள் படம் முடிந்தபோது சுவிட்ச் மக்கர் செய்தது. அவன் அதைத் தட்டிக்கொண்டும் அமுக்கிக்கொண்டும் இருந்த நேரத்தில், இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "எனக்கும் இப்படி இருந்திருக்கு" என்று ஆரம்பித்தது. விளக்கு எரிந்ததும் குரல் நின்றுவிட்டது. அன்று மாலையே மேடம் அவனிடம் வந்தார்.

"தம்பி, இனிமே படம் முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் லைட் போட வேண்டாம். சுவிட்ச் கெட்டே கிடக்கட்டும்."

அவன் சுவிட்சைச் சரிசெய்தான். இருட்டை வைத்துக்கொண்டான். அன்றுமுதல் படம் முடிந்ததும் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு மனசுக்குள் நூற்றிருபது வரை எண்ணுவான். இருட்டில் யார் யாரோ என்னென்னவோ சொல்வார்கள். அழுவார்கள்கூட. அவன் காதில் எதுவும் ஏறாது. நூற்றிருபது வந்தால் விளக்கு.

அவன் இருந்தது மாமியார் வீட்டில். மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று இருவருமாக இங்கே வந்தார்கள். ஒரு வருடம் படுத்திருந்தாள். வாய் மட்டும் படுக்கவில்லை. டாக்டர் சொன்ன சாப்பாட்டுக் கட்டுப்பாடு தனக்கு மட்டும் கூடாது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டிதான் என்று பிடிவாதம் பிடித்து, வீட்டையே தன்னோடு பத்தியம் இருக்க வைத்தாள். பிறகு போய்விட்டாள். பதினாலு மாதம் ஆகிறது. அவன் போகவில்லை. அவனை யாரும் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

வீட்டில் அத்தையும் சின்னவளும். அத்தைக்குக் காஜா எடுக்கிற வேலை. தையல் கடையிலிருந்து சட்டைகள் மூட்டையாக வரும். பொத்தான் துளைகளைச் சுற்றிக் கையாலேயே நூல் பின்ன வேண்டும். ஒரு சட்டைக்கு ஏழு துளை. மழை நாளில் வெளிச்சம் போதாமல் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சின்னவள், மனைவியின் தங்கை, அவன் வேலை பார்க்கிற கல்லூரியிலேயே இரண்டாம் வருடம். வீட்டில் மூன்று பேர் இருந்தும் ரேடியோ இல்லாத குறை தெரியும்.

சாயங்காலம் ஆறரைக்கு வருவான். கைகால் கழுவுவான். ஏழு மணிக்கு மூவரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறு, பருப்பு, ஏதாவது ஒரு காய். வாயில் வைத்தால் மண்ணைத் தின்பதுபோல இருக்கும். அவள் போகும்போது தன் நாக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று அவன் முடிவுகட்டியிருந்தான். இதை யாரிடம் சொல்வது? சொல்லித்தான் என்ன? ஒரு கரண்டி சோறு. அடுத்த கரண்டி வந்தால் தட்டுக்கு மேல் கையை நீட்டி, "போதும்."

இந்தப் பருவத்தில் மேடம் புதிதாக ஒன்று செய்தார். வெளிப்படங்கள் போதும், நீங்களே போனில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். வந்த படங்களைத் திரையிடுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பது அவன் பொறுப்பு. திறக்கிறதா, சத்தம் சரியா, எத்தனை நிமிடம். கதையைப் பார்ப்பது அவன் வேலையில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேசை மேல் இருந்த சின்ன மானிட்டரில் ஏழாவது படத்தைப் போட்டான். கறுப்பில் வெள்ளை எழுத்து: 'சாப்பாடு எப்படி இருக்கு?' அடுத்து ஒரு மனிதன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். முதல் இரண்டு நொடி அது யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. சட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தான்.

தண்ணீர்ச் சொம்பின் மேல் போனைச் சாய்த்துவைத்து எடுத்திருந்தாள் சின்னவள். அவள் பாட்டுக்குப் போனை நோண்டுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. படத்தில் அவள் குரல் கேட்கிறது: "அத்தான், சாப்பாடு எப்படி இருக்கு?" அவன் சொல்கிறான்: "நல்லா இருக்கு." வெட்டு. வேறு நாள், வேறு சட்டை. அதே கேள்வி. "நல்லா இருக்கு." அத்தையின் கை மட்டும் வந்து பரிமாறிவிட்டுப் போகிறது. அவனுக்குப் பின்னால் சமையலறை அலமாரி மேல்தட்டு வரை தெரிகிறது. இப்படிப் பன்னிரண்டு நாள், பன்னிரண்டு 'நல்லா இருக்கு'. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. மூன்று நிமிடம் நாற்பது நொடி.

சத்தம் சரியாக இருந்தது. குறித்துக்கொண்டான்.

கதவருகே சின்னவள் நின்றிருந்தாள். கையில் ஒரு தாள். படத்தில் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால்தான் திரையிடலாம் என்பது மேடத்தின் சட்டம்.

"பார்த்தாச்சா அத்தான்?"

"பார்த்தேன்."

"எப்படி இருக்கு?"

வாய் வரை வந்துவிட்டது அந்த வார்த்தை. விழுங்கினான். அவள் அதைப் பார்த்துவிட்டாள். உதட்டோரம் லேசாகச் சிரித்தாள்.

"என்னைக் கேட்காம எடுத்திருக்கே."

"தப்புதான். கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். என்னைப் போய் எதுக்கு இந்தப் படத்துல எல்லாம்..."

"பார்த்தீங்களா, பதிமூணாவது."

"விளையாடாதே. நாளைக்கு இந்தப் பசங்க என் மூஞ்சியப் பார்த்துச் சிரிப்பானுங்க. நான் இங்க தினமும் வேலைக்கு வரணும்."

"சிரிக்கட்டுமே. நம்ம வீட்டுல சிரிக்கவும் ஆளில்ல, பேசவும் ஆளில்ல. அவங்களாவது நம்மளைப் பத்திப் பேசட்டும்." தாளை மேசை மேல் வைத்தாள். "வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணும். வேண்டாம்னா அழிச்சிடறேன். அம்மாகிட்டயும் காட்டமாட்டேன். ஆனா இதுக்கப்புறம் நான் எதையும் கேட்கவும் மாட்டேன் அத்தான். எனக்கும் அலுத்துப்போச்சு."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். புதன்கிழமை அது அங்கேயே இருந்தது. சாப்பாட்டின்போது சின்னவள் போனை எடுக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. 'நல்லா இருக்கு' சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து, மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தார்கள்.

வியாழக்கிழமை வடிகட்டியைத் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தபோது மேடம் குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார்.

"தம்பி, அந்த ஏழாவது படம். வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு நான் கேட்கமாட்டேன்."

"மூஞ்சிய மறைச்சுக் காட்டலாமா மேடம்?"

"காட்டலாம். ஆனா இந்தப் பிள்ளைங்க ரெண்டு வருஷமா மெஷின் மேல குனிஞ்ச உங்க முதுகைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கு? மூஞ்சிய மறைச்சா உடனே கண்டுபிடிச்சிடும். மூஞ்சியக் காட்டினாதான் யாரோன்னு நினைக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. மேடம் கிளம்பினார். வாசலில் நின்று, "ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தப் பொண்ணு இந்த மூணு நிமிஷத்துக்கு நாப்பது நாள் எடுத்திருக்கா. நாப்பது நாள் ஒருத்தரை உத்துப் பார்க்கறதுக்குப் பேரு கேலி இல்ல தம்பி" என்றார்.

அன்று மாலை அத்தை ஜன்னலோரம் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். வெளியே தூறல். ஊசியில் நூல் கோத்துத் தரச்சொல்லி நீட்டினார். கோத்துக் கொடுத்தான். மூட்டைக்குப் பக்கத்தில், நூல்கண்டின் கீழே அதேபோல ஒரு தாள். அத்தையின் கையெழுத்து கோணல்மாணலாக அதில் கிடந்தது.

"இதென்ன அத்தை, நீங்களும் போட்டுட்டீங்களா?"

"என் கை வருதாமே படத்துல. காட்டினா காட்டட்டும் மாப்பிள்ளை. இத்தனை வருஷமா ஊராரு சட்டைக்கு ஓட்டை போட்ட கை, ஒருநாளாவது சினிமாவுல வரட்டுமே." ஊசியைத் துளைக்குள் விட்டு இழுத்தார். "நீங்க போடலேன்னா என் கையும் வராதாம். அப்படியா?"

அவன் சட்டைப்பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஏழாவது துளையை முடித்து நூலைப் பல்லால் கடித்தார் அத்தை. அந்தச் சட்டையை உதறி மடிக்கும்போது, இவனைப் பார்க்காமலே சொன்னார்: "என் கையைப் பார்த்துக்கிட்டுத்தான் நீங்க சாப்பிடறீங்க. என் மூஞ்சியப் பார்த்து எத்தனை நாளாச்சு?"

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஒரே ஒரு நிபந்தனை: "இன்னைக்கு வேற ஆளை உட்கார வைக்கக் கூடாது மேடம். நான்தான் ஓட்டுவேன்."

மத்தியானம் மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, படத்தை ஓட விட்டான். பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். பன்னிரண்டடித் திரையில் தன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. புரொஜெக்டரின் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது 'நல்லா இருக்கு'க்குச் சிரித்தார்கள். "டேய், லைட்டண்ணன்டா." ஐந்தாவதற்குக் கூரை அதிர்ந்தது. யாரோ அவனுக்கு முன்பாகவே, அவன் குரலிலேயே, "நல்லா இருக்கு" என்று எடுத்துக்கொடுத்தார்கள். எட்டாவதற்கு ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஒன்பதாவதற்கு யாரும் இல்லை. பன்னிரண்டாவது முடிந்து திரை கறுத்தபோது, கூரைச்சொட்டு தெளிவாகக் கேட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று.

"அந்த அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

பத்து. இருபது.

"அவரு பொய் சொல்றாரு" என்றது ஒரு பெண்குரல்.

"பொய்யெல்லாம் இல்ல. எங்கப்பாவும் இப்படித்தான். கேள்வி காதுல விழறதுக்கு முன்னாடியே வாய் தானா சொல்லிடும்."

"நானும் ஹாஸ்டல்ல இருந்து அம்மாகிட்ட அப்படித்தான் சொல்றேன். சாப்டியான்னா சாப்ட்டேன். தூங்கினியான்னா தூங்கினேன்."

ஐம்பது. ஐம்பத்தொன்று. அப்போது கடைசி வரிசையிலிருந்து, எப்போதும் பசிக்கிறவனுக்காகப் பரிந்து பேசுகிற அந்தப் பையன், தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மேடம், பின்னாடி மேல் தட்டுல ஒரு ஜாடி இருந்திச்சே, யாராவது பார்த்தீங்களா?"

"என்ன ஜாடி?"

"அதுல பேனாவால எழுதியிருக்கு மேடம். 'உப்பு. தொட்டா கையை ஒடிப்பேன்'னு."

இருட்டு முழுக்கச் சிரித்தது. அவன் எண்ணிக்கை அறுபத்துநாலில் நின்றது.

அது அவள் எழுத்து. டாக்டர் உப்பே கூடாது என்று சொன்ன வாரம். மாப்பிள்ளை பாவம் என்று அத்தை அவன் பங்கில் மட்டும் திருட்டுத்தனமாக ஒரு சிட்டிகை போட்டதைக் கண்டுபிடித்துவிட்டு, படுக்கையிலிருந்து எழுந்து வந்து, வீட்டிலிருந்த உப்பு முழுவதையும் ஜாடியில் கொட்டி, நாற்காலி போட்டு ஏறி அவளே மேலே வைத்தாள். இறங்கியபோது மூச்சு வாங்கியது. அப்போதும் சிரித்தாள்.

"பன்னெண்டு நாளும் அது அங்கேயேதான் இருக்கு மேடம்," என்றான் பையன். "மூடியில தூசி. அந்தத் தட்டுப் பக்கமே யாரும் போகலை. அப்படின்னா, சாப்பாட்டுல உப்பே போடலையா? அந்த அண்ணன் எதை நல்லா இருக்குன்னாரு?"

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. நடு வரிசையில், சின்னவள் இருந்த பக்கம், "ஐயோ" என்று ஒரு முனகல் கேட்டது.

"எனக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

யார் பேசியது என்று அவனே ஒரு கணம் தேடினான். குரல் பின்சுவரிலிருந்து வந்தது. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. "யாரும் திரும்ப வேண்டாம்" என்றார் மேடம், மெதுவாக.

"அவ போனதுல இருந்து எதுவுமே ருசிக்கல. சரி, இனிமே இப்படித்தான்னு விட்டுட்டேன். சொன்னா அத்தை மனசு கஷ்டப்படும். அதனால நல்லா இருக்குன்னேன்." சுவிட்சிலிருந்து விரலை எடுத்தான். "அந்த ஜாடிய நான் தினமும் பார்க்கறேன். பார்த்ததே இல்ல."

அப்புறமும் ஏதோ சொன்னான். ஆஸ்பத்திரியைப் பற்றி, அவள் எழுத்தில் கொம்புகள் எப்போதும் அளவுக்கு மீறி நீண்டிருக்கும் என்பதைப் பற்றி. அன்றைக்கு இருட்டு எத்தனை நிமிடம் நீடித்தது என்று யாருக்கும் தெரியாது. எண்ண வேண்டியவன் எண்ணவில்லை.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்கு நடந்தான். பின்னாலேயே சின்னவள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான்.

"என்ன மாப்பிள்ளை, மேல என்ன தேடறீங்க?" அடுப்படியிலிருந்து அத்தை நிமிர்ந்தார். அவன் கையில் ஜாடியைப் பார்த்ததும் கரண்டி நின்றது. "அதை எதுக்கு எடுக்கறீங்க? அவ..."

"அத்தை, சமையல்ல உப்பு போடறீங்களா இல்லையா?"

அத்தையின் கைதான் முதலில் யோசித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெறும் காற்றில் ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்து நின்றன.

"எலுமிச்சை பிழியறேன். மிளகு போடறேன். அவளுக்குச் செஞ்ச மாதிரியேதான்..." அடுப்பைப் பார்த்தார். "கை அப்படியே பழகிப்போச்சு. எனக்கும்தான் ஒண்ணும் ருசிக்கல. பெத்தவளுக்கு நாக்கு எப்படி ருசிக்கும்னு விட்டுட்டேன். தையக்கடையில ஒருநாள் முட்டை குடுத்தாங்க, கரிச்சுது. சரி, நாக்குதான் கெட்டுப்போச்சுன்னு..."

"நானும் என் நாக்குன்னுதான்மா நினைச்சேன்" என்றாள் சின்னவள்.

அத்தை சட்டென்று அவன் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர். குரலில் மட்டும் சரியான கோபம். "ஆனா நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்களே! தினமும் சொன்னீங்களே! மாப்பிள்ளைக்கே நல்லா இருக்கு, அப்ப நமக்குத்தான் கோளாறுன்னு நான் இருந்தேன். ஒருநாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்து நல்லா இல்லேன்னு சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

அவன் ஜாடியைத் துடைத்தான். எழுத்தின் மேல் துணி படாமல் சுற்றித் துடைத்தான். உள்ளே உப்பு கல்லாக இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்துக் கொடுத்தான்.

"கையை ஒடிப்பாளாம்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அத்தை ஜாடிக்குள் கையை விட்டார். "ஒடிக்கட்டும் பார்க்கலாம்."

ஏழு மணிக்கு உட்கார்ந்தார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய். வெளியே மறுபடி தூறல் பிடித்திருந்தது. அவன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். இரண்டு பெண்களும் சாப்பிடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவன் மென்றான். மெல்ல மெல்லக் கண் சுருங்கியது. தலையைத் தூக்கி அத்தையின் முகத்தைப் பார்த்தான்.

"கரிக்குது அத்தை."

"என்னது?"

"உப்பு அள்ளிக் கொட்டியிருக்கீங்க. வாயில வைக்க முடியல."

"ஐயோ, என் போன் சார்ஜுல கிடக்கே!" என்று சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா, மற்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "அளவு மறந்துபோச்சு மாப்பிள்ளை, கைக்கு அளவே மறந்துபோச்சு" என்று மட்டும் சொன்னார்.

"பரவாயில்ல," என்று தட்டை முன்னால் நகர்த்தினான் அவன். "இன்னும் ரெண்டு கரண்டி சோறு போடுங்க. கலந்துக்கறேன்."